படம் இருட்டா, கொட்டகை இருட்டா? நெல்லைச் சீமைத் திரையரங்குக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் திரையரங்கு நடத்தும் உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், புரொஜெக்டர் கேபினுக்குள் இருக்கும் ஆபரேட்டர் அண்ணாச்சிகளுக்கும்,

வணக்கம்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி விட்டு ஜனம் வெளியே வரும்போதே அந்தப் படத்தின் தலையெழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடும். "ஒரே இருட்டால்லா இருக்கு." "என்னத்த பேசுதானுவன்னே வெளங்கல." "சத்தம் மண்டையைப் பொளக்கு வே." "ரெண்டாம் பாதி இழு இழுன்னு இழுக்கு." இந்த நாலு தீர்ப்பும் மாலைக் காட்சிக்குள் ஜங்ஷன் டீக்கடையில் ஏறி, பாபநாசம் போகிற பஸ் வரைக்கும் போய்விடும். கொஞ்ச காலமாக வந்த படங்களைப் பற்றி நம் ஊரில் காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் இதற்குள்தான் சுற்றுகிறது. கதையைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ வாய் திறக்கும் முன்பே இந்த நாலில் ஒன்று வந்து விழுகிறது.

அந்தத் தீர்ப்புகளில் பலவும் படத்துக்குச் சேர வேண்டியவை இல்லை, அது ஓடிய அரங்குக்குச் சேர வேண்டியவை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். பழி இயக்குநர் மேல் விழுகிறது, நஷ்டம் உங்கள் மேல் விழுகிறது, காரணம் கேபினில் கிடக்கிறது. கேபின் வேலையும் ஒலி வேலையும் அறிந்த, டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிற சிலர் சேர்ந்து எழுதுகிறோம். எந்த அரங்கின் பெயரையும் சொல்லப்போவதில்லை. படித்ததும் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் இருட்டு. இன்றைய படங்களில் இரவுக் காட்சி அதிகம். அரிக்கேன் வெளிச்சத்திலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் படம்பிடிக்க இப்போதைய கேமராக்கள் இடம் கொடுக்கின்றன, ஒளிப்பதிவாளர்களும் துணிந்து எடுக்கிறார்கள். அவர்கள் வண்ணம் திருத்தும் அறையில், திரையின் நடுவில் முழு வெள்ளையின் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் என்ற அளவில் இருக்கும். அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. டிஜிட்டல் சினிமாவுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு அது. உங்கள் திரையில் இது 7-ஆக இறங்கியிருந்தால் பகல் காட்சியில் ஒருவருக்கும் தெரியாது. கண் பழகிக்கொள்ளும். விளம்பரம் பளிச்சென்று இருக்கும், பாட்டும் பளிச்சென்று இருக்கும். இரவுக் காட்சி வந்ததும் முகமும் முகத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரும் ஒன்றாகக் கலந்துவிடும். விளம்பரம் ஓடும்போது எட்டிப் பார்த்துவிட்டு "நம்ம மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று நீங்கள் போய்விடுகிறீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒளிப்பதிவாளரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

செனான் வாயு நிரப்பிய புரொஜெக்டர் விளக்கு வைத்திருக்கும் அரங்குகளில் முதல் காரணம் விளக்கின் வயதுதான். ஒவ்வொரு விளக்குக்கும் தயாரிப்பாளர் உத்தரவாத மணிநேரம் குறித்திருக்கிறார். வாட் கூடக்கூட அந்த மணிநேரம் குறையும். ஒரு நாளைக்கு நாலு காட்சி, விளம்பரம் சேர்த்துக் காட்சிக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். 12 மணி நேரம் ஆயிற்று. 1,000 மணி நேர விளக்கு 83 நாளில் தீர்ந்துபோகும். பொங்கலுக்குப் போட்டது சித்திரை வருஷப் பிறப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கிற மின்முனைகள் தேய்ந்து இடைவெளி அகலும், கண்ணாடியின் உட்புறம் கறுக்கும், ஒளி குறைவதோடு துடிக்கவும் செய்யும். ரொம்பவும் ஓட்டினால் விளக்கு வெடித்து, பின்னால் ஒளியைக் குவிக்கிற ரிஃப்ளெக்டரையும் கெடுத்துவிடும். ஒரு விளக்கை மிச்சம் பிடிக்கப் போய் ரிஃப்ளெக்டருக்கும் சேர்த்துச் செலவழிப்பதில் என்ன லாபம்?

இன்னொரு பழக்கம் ஆம்பியரைக் குறைத்து ஓட்டுவது. புது விளக்கைக் குறைந்த ஆம்பியரில் தொடங்கி, வயதாக ஆகக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. அதற்கு விளக்குக்காரர் ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் கொடுத்திருப்பார். கீழெல்லைக்கும் கீழே போனால் சுடர் நிலையாக நிற்காது. படம் படபடக்கும், மின்முனையும் சீக்கிரம் தேயும். மிச்சமாவதாக நினைத்தது அங்கேயே போய்விடும். விளக்கு மாற்றும் ஆபரேட்டர் தம்பிகளுக்கு ஒன்று: குளிர்ந்த நிலையிலேயே அதற்குள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கிறது. முகக் கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் சூட்டில் அந்த இடம் வெந்து பலவீனமாகும்.

விளக்கு புதிது, ஆனாலும் இருட்டு என்றால் லென்ஸுக்கு முன்னால் பாருங்கள். 3டி படம் ஓட்ட வைத்த வடிகட்டியை 2டி படத்துக்கும் அப்படியே விட்டுவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. அது பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். 3டிக்காக மாட்டிய சில்வர் ஸ்கிரீனுக்கும் ஒரு குணம் உண்டு. நடுவில் வெளிச்சம் குவியும், ஓரத்து இருக்கைக்குப் போகப்போக மங்கும். 3டி படமே அபூர்வமாகிவிட்ட இந்த நாளில் அந்தத் திரையை வைத்துக்கொண்டிருப்பதைவிட, அடுத்த முறை மாற்றும்போது சாதாரண மேட் வெள்ளைத் திரைக்கே திரும்புவது நல்லது.

அடுத்தது கேபின் ஜன்னல் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரு பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதம், அதுவும் துடைத்து வைத்திருந்தால். ஆனி, ஆடிக் காற்று காலத்தில் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிப் புழுதி எங்கெல்லாம் நுழையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியிலும் படியும், புரொஜெக்டரின் காற்று வடிகட்டியிலும் அடையும். வடிகட்டி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் மெஷின் தானாகவே நின்றுவிடும். அந்த ரெண்டு மாதமும் வாரம் ஒரு தடவை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். லேசர் மெஷின் வாங்கியவர்கள் தங்களுக்கு இந்த வேலை இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். அதற்கு விளக்கு மாற்ற வேண்டாம் என்பது சரிதான். ஆனால் லேசரும் வருஷக் கணக்கில் பைய மங்கிக்கொண்டேதான் போகும். பைய மங்குவதால் அளந்து பார்த்தாலொழியத் தெரியவே தெரியாது. வடிகட்டியும் அதற்கு உண்டு.

பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாள் திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரசிகர் கொண்டாட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். சூடத்தின் கரிப்புகை எண்ணெய்ப் பிசுக்கோடு திரையில் ஒட்டும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் வரத் திரை முழுக்க ஊசித் துளைகள் இருப்பதால் தண்ணீர் போட்டுத் துடைக்க முடியாது, மெல்லிய தூரிகையால் தட்டத்தான் முடியும். பிசுக்குத் தட்டினால் போகாது. விசிறியடிக்கும் ஜிகினாத் தாளும் அப்படித்தான். மாதக் கணக்கில் திரையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கதாநாயகியின் முகத்திலும் ஒரு பொட்டு வைத்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கச் செல்போன் ஆப் உதவாது. திரையை நோக்கிப் பிடித்து அளக்கும் லூமினன்ஸ் மீட்டர் சர்வீஸ் என்ஜினீயரிடம் இருக்கும். அவர் வரும்போது மெஷின் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், சோதனை வெள்ளையைப் போடச் சொல்லி, நடு இருக்கையில் உட்கார்ந்து திரையின் நடுவையும் நாலு மூலைகளையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூலைகள் நடுவின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மீட்டரே இல்லாமல் பார்க்கக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலின் வெள்ளை எழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எழுத்தின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் தெரிந்தால் உள்ளே மூன்று வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் மசமசவென்றும் இருந்தால் லென்ஸ் நேராக இல்லை. ஃபோகஸ் வைப்பதற்கும் நேரம் உண்டு. மெஷின் போட்டவுடன் வைத்தால் லென்ஸ் சூடானதும் நழுவிவிடும். 20 நிமிஷமாவது ஓடிச் சூடேறிய பிறகு வைக்க வேண்டும்.

வெளியேறும் வழி விளக்கு சட்டப்படி எரிய வேண்டும், எரியட்டும். ஆனால் அதன் ஒளி திரையில் விழாதபடி ஒரு தகட்டு மறைப்பு வைக்கலாமே. பக்கக் கதவுத் திரைச்சீலை ஒரு சாண் குறைவாக இருப்பதால் பகல் காட்சி முழுக்க திரையில் வெயில் கோடு விழும் அரங்குகள் இருக்கின்றன. விளக்குக்கு ஆகிற செலவோடு பார்த்தால் ஒரு கறுப்புத் துணிக்கு ஆவது கொஞ்சம்தான்.

சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படம் அகலம் குறைந்த ஃபிளாட் சட்டகத்தில் வந்தால் 1998க்கு 1080 பிக்சல், அகலமான ஸ்கோப்பில் வந்தால் 2048க்கு 858 (2கே கணக்கில்). இரண்டுக்கும் தனித்தனியே ஜூம், ஃபோகஸ், உயரம் மூன்றையும் மெஷினில் பதிந்து வைத்து, விளம்பரமும் படமும் ஓடும் வரிசையான பிளேலிஸ்டில் படத்துக்கு முன் அந்தக் கட்டளையைச் சேர்த்துவிட்டால் போதும். விளம்பரம் ஃபிளாட், படம் ஸ்கோப் என்று இருக்கும்போது மாற்ற மறந்தால் தலை வெட்டுப்படும், அடியில் வரும் எழுத்து திரைக்குக் கீழே சுவரில் ஓடும்.

இனி வசனம். எங்கள் பெரிய மனக்குறை இதுதான்.

நம் மண்ணையே களமாக வைத்து நம் பேச்சையே பேசும் படங்கள் சில வருஷங்களாக அடுத்தடுத்து வருகின்றன. சென்னைக்காரர்கள் அடியில் வரும் எழுத்தை வாசித்துப் புரிந்துகொள்கிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. "வந்தாவ, போனாவ, சொல்லுதாவ" என்று திரையில் பேசினால் அது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. அப்படியிருந்தும் பாளையங்கோட்டைக்காரர் பாளையங்கோட்டைப் பேச்சு புரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார். நடிகர் முழுங்கிப் பேசுகிறார், டப்பிங் சரியில்லை, நேரடி ஒலிப்பதிவு என்று கெடுத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் போய் நடு ஸ்பீக்கரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வசனம் முழுக்க ஏறத்தாழ அந்த ஒரு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதில் கீழே கனத்த ஒலிக்குப் பெரிய கோன், மேலே கூரிய ஒலிக்கு ஹார்ன் என்கிற குழல். ஹார்னுக்குப் பின்னால் ஒரு டிரைவர், அதற்குள் மெல்லிய உதரவிதானத் தகடு. க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வெண்கள் எல்லாம் அந்தத் தகட்டில்தான் பிறக்கின்றன. அது எரிந்துபோனாலும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடாது. கீழே இருக்கும் கோன் ஓடிக்கொண்டிருக்கும். உயிரெழுத்து வரும், மெய்யெழுத்து வராது. "படிச்சிட்டு வாரேன்" என்பது "அஇஇஉ ஆஏ" என்று கேட்கும். சத்தம் வருகிறதே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டுவார், இருக்கிற கோனும் அலறும், புரிவது மட்டும் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க என்ஜினீயர் வேண்டாம். சவுண்ட் பிராசசரில் பிங்க் நாய்ஸ் என்று ஒரு சோதனை ஒலி இருக்கிறது. இடது, நடு, வலது என்று ஒவ்வொன்றாக அதை அனுப்புங்கள். நல்ல ஸ்பீக்கரில் அருவி இரைவது மாதிரி "ஷ்ஷ்" என்று விரிந்து கேட்கும். ஹார்ன் செத்ததில் "ம்ம்" என்று மட்டும் வரும். மூன்றும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கோளாறு என்றால் பல மாடல்களில் தகட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு டிரைவரும் வாங்க வேண்டியதில்லை. புதுத் தகடு வரும்வரை ஓரத்து ஸ்பீக்கரின் டிரைவரைக் கழற்றி நடுவில் மாட்டுங்கள், இரண்டும் ஒரே மாடலாக இருந்தால். இசையில் கொஞ்சம் குறையும், வசனம் பிழைக்கும். திரையின் ஊசித் துளைகள் தூசியால் அடைத்திருந்தாலும் இதே விளைவுதான் சிறிய அளவில் நேரும்.

ஹார்ன் நன்றாக இருந்தும் புரியவில்லை என்றால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைப் பாருங்கள். படத்தின் ஒலியைக் கலக்கிய அறையில் ஃபேடர் 7. அந்த 7-இல், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனை ஒலியில் 85 டெசிபல் தரும்படி அளவு திருத்தியிருக்கும். நம் அரங்குகளில் 5-லும் 4.5-லும் ஓடுகிறது. 7-லிருந்து 5-க்கு இறக்கினால் ஏறத்தாழ 6.7 டெசிபல் குறையும், ஆம்பிளிஃபயர் தரும் சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். சண்டைக் காட்சி அப்போதும் கேட்கும். அம்மா மெல்ல அழுவதும், ரெண்டு பேர் குசுகுசுவென்று பேசுவதும் ஏசி இரைச்சலுக்குள் போய்விடும்.

ஏன் இறக்குகிறார்கள் என்பதும் தெரியும். விளம்பரமும் டிரெய்லரும் காது கிழியும் அளவில் வருகின்றன. யாராவது எழுந்து வந்து கேபின் கதவைத் தட்டுகிறார். ஆபரேட்டர் இறக்குகிறார். படம் தொடங்கும்போது ஏற்ற மறக்கிறார், அல்லது எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறார். இதற்கு வழி எளிது. படத்தை ஓட்டும் இன்றைய சர்வரும் சவுண்ட் பிராசசரும் ஒன்றோடொன்று பேசும். பிளேலிஸ்டில் விளம்பரத்துக்கு முன் "ஃபேடர் 5" என்று ஒரு கட்டளை, படத்துக்கு முன் "ஃபேடர் 7" என்று ஒரு கட்டளை. ஒரு தடவை எழுதி வைத்தால் ஆள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வேலையே இல்லை. 7 அதிகம் என்று தோன்றினால் 6.5-இல் வையுங்கள், சண்டைக்கு வரமாட்டோம். அரங்குகள் 5-இல் ஓட்டுகின்றன என்று தெரிந்ததால்தான் ஒலிக் கலவைக்காரர்களும் இன்னும் சத்தமாகக் கலக்கி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு நீங்கள் இன்னும் இறக்குகிறீர்கள். இந்த ஏலம் எங்கே போய் முடியுமோ!

"சத்தம் மண்டையைப் பொளக்கு" என்ற மூன்றாவது தீர்ப்புக்குள்ளும் இப்படியே வந்துவிடுகிறோம். இங்கே படத்தின் மேலும் குற்றம் உண்டு, மறுக்கவில்லை. கதாநாயகன் நடந்து வந்தாலே பத்து லாரி மோதுகிற மாதிரி பின்னணி போடும் வழக்கத்தை இசையமைப்பாளர்கள்தான் விட வேண்டும். ஆனால் மண்டையிடி வருவது சத்தத்தின் அளவால் மட்டும் இல்லை. ரசிகர்களுக்கு அதிர்வு பிடிக்கிறது என்று அடி ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரை மட்டும் தனியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் குமுறல் வசனத்தின் மேல் போர்த்திக்கொள்ளும். அதோடு தளர்ந்த கூரைப் பலகை, ஏசி கிரில், எக்ஸிட் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் கூடவே கிடுகிடுக்கும். 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை பைய ஏறும் ஒரு சோதனை ஒலியைப் போட்டுவிட்டு, காலி அரங்கில் ரெண்டு பேர் நடந்து பாருங்கள். எது எங்கே ஆடுகிறது என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். ரப்பர் வைத்து முடுக்கினால் தீர்ந்தது.

பழைய ஒற்றைத் திரை அரங்குகளில் எதிரொலி தனிக் கதை. திரைக்குக் கீழே நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். அரங்கு 25 மீட்டர் நீளம் என்றால் பின் சுவரில் மோதிய சத்தம் 50 மீட்டர் பயணப்பட்டு, 0.15 விநாடி கழித்து ரெண்டாவது கைதட்டாகத் திரும்பும். தெளிவாக அது கேட்டால், முன் பாதியில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வசனத்தையும் ரெண்டு தடவை கேட்கிறார் என்று பொருள். மருந்து பின் சுவருக்குத்தான். 50 மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடிக் கம்பளிப் பலகை, மேலே தீப்பிடிக்காத துணி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் கொஞ்சம் காற்றிடைவெளி. தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டாதீர்கள். ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது, தீயை மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

கடைசி வரிசைக்காரர் "வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் வருது" என்று சொன்னால் உடனே சர்வரைத் திட்ட வேண்டாம். 30 மீட்டர் தூரத்தைச் சத்தம் கடக்கச் சுமார் 87 மில்லி விநாடி ஆகும். அதுவே ரெண்டு ஃபிரேம். நடு வரிசையில் உட்கார்ந்து ஒத்திசைவுச் சோதனைத் துண்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தள்ளி வந்தால் பிராசசரில் தாமத அளவைத் திருத்த வேண்டும். புரொஜெக்டரோ சர்வரோ மாற்றிய பிறகு இதைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு.

ரெண்டாம் பாதி இழுவை. இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இடைவேளைக்குப் பிறகு ஏசியை நிறுத்துகிறீர்களே, அதுதான் சம்பந்தம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 500 பேர் உட்கார்ந்தால் 50 கிலோவாட். அதை வெளியேற்ற மட்டுமே 14 டன் குளிரூட்டல் வேண்டும், சுவரும் கூரையும் வாங்கி வைத்திருக்கும் வெயிலைக் கணக்கில் சேர்க்காமலே. சித்திரை, வைகாசியில் நெல்லையில் ஒரு மணி நேரம் ஏசியை நிறுத்தினால் உள்ளே என்ன ஆகும்? வெக்கை ஏறும், வெளிக்காற்று வராததால் தலை கனக்கும், கொட்டாவி வரும். திரையில் எந்தக் காட்சி ஓடினாலும் அது இழுவைதான். சிக்கனம் வேண்டுமானால் 22 டிகிரியில் வைத்து நடுவில் நிறுத்துவதைவிட, 25-இல் வைத்துக் கடைசி வரை ஓட்டுங்கள். கம்பிரசரைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் நிறுத்தினாலும் காற்றை மட்டும் ஓடவிடுங்கள்.

ஹாலிவுட்டிலிருந்து தமிழ் பேச வந்த படங்களுக்குப் பெரும்பாலும் இடைவேளை அட்டை இருக்காது. நீங்கள்தான் வெட்டுகிறீர்கள். ஒருவன் "உன் அப்பாவைக் கொன்னது" என்று சொல்லும்போது விளக்கைப் போட்டு பாப்கார்ன் விற்பது நியாயமா? முதல் நாள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, சரிபாதிக்குப் பத்து நிமிஷம் முன்பின்னாகக் காட்சி மாறும் இடத்தையோ திரை இருண்டு மீளும் இடத்தையோ நேரக்குறியோடு குறித்து வைத்துக் கட்டளை கொடுங்கள். மீண்டும் தொடங்கும்போது பத்து விநாடி பின்னுக்குப் போய்த் தொடங்கட்டும். கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து விளக்கைப் போடுவதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதல் காட்சி தாமதம். ஒன்பது மணிக் காட்சி பத்தரைக்குத் தொடங்குவது பெரும்பாலும் சாவியால். படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். பழுதுபார்க்க உள்ளே இருக்கிற, பூட்டிய படத்தைத் திறந்து ஓட்டும் மீடியா பிளாக்கை மாற்றியிருந்தால் அதன் சான்றிதழும் மாறியிருக்கும், பழைய பதிவுக்கு வந்த சாவி திறக்காது. மாற்றிய அன்றே விநியோகம் செய்பவர்களுக்குப் புதுச் சான்றிதழை அனுப்பிவிட வேண்டும். சாவி வந்துவிட்டது என்பதோடு நிற்காமல் எத்தனை மணியிலிருந்து செல்லும் என்றும் பாருங்கள். முந்தின இரவே படத்தை ஏற்றி, சாவி நேரம் தொடங்கியதும் முதல் நிமிஷத்தையும் கடைசி ரீலில் ஒரு நிமிஷத்தையும் ஓட்டிப் பார்த்தால் கூட்டத்திடம் பேச்சு வாங்க வேண்டியிருக்காது.

இன்னொரு கோரிக்கை, இதுவரை சொன்னவற்றோடு சேராதது. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் இந்த ஊரில்தான் வாழ்கிறார்கள். காது கேளாதோர், பார்வையற்றோருக்கான திரையரங்கு வசதிகள் பற்றி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. வசனம் எழுத்தில் வரும் பதிப்பை விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்கி, வாரத்தில் ஒரு காட்சி, செவ்வாய் மதியம் போல ஆள் குறைந்த நேரத்தில் ஓட்டலாம். புது இயந்திரம் எதுவும் வேண்டாம், சர்வரில் வேறு பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். போஸ்டரில் "எழுத்துடன்" என்று ஒரு சொல் சேர்த்தால் வருகிறவர்கள் வருவார்கள்.

உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. முதல் வார வசூலில் பெரும்பகுதி விநியோகஸ்தர் பங்காகப் போய்விடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, பல தமிழ்ப் படங்கள் சில வாரங்களிலேயே ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. வீட்டு டிவியில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது? பெரிய திரையில் சரியான வெளிச்சம், நடு ஸ்பீக்கரிலிருந்து துல்லியமாக வரும் குரல், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் மேலப்பாளையத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் வண்டி எடுத்துக்கொண்டு எதற்கு வர வேண்டும்?

தீபாவளிப் படங்கள் வருவதற்குள் ஒன்று செய்யுங்கள். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் மூன்று எண்கள்: விளக்கு ஓடிய மணிநேரம், கடைசியாக அளந்த திரை வெளிச்சமும் அளந்த தேதியும், இன்றைய படம் ஓடும் ஃபேடர். லேசர் அரங்குக்கு முதல் எண் வேண்டாம். அதோடு, படம் ஓடும்போது குறை சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண்ணையும், "இந்த வரிசை, இந்த இருக்கை, இன்ன கோளாறு" என்று எழுதி அனுப்பச் சொல்லி ஒரு வரியையும் எல்லா இருக்கைக் கைப்பிடியிலும் ஒட்டுங்கள். கேபின் கதவை யாரும் தட்ட வேண்டியிருக்காது.

இந்த மடலுக்குப் பதில் எழுத வேண்டாம். பலகையைப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் சிலர்